லயஞான குபேர பூபதி தெட்சணாமூர்த்தி

ஈழத்து மேளக் கலையை எண்ணும்போது முதற்கண் நினைவில் எழும் பெயர் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்பதாகும். நாதஸ்வரம் பாடும், தவில் அதனைத் தாங்கி நிற்கும். தாங்கி நிற்போரைப் புகழ் எளிதில் வந்தடைவதில்லை. அத்தகைய வாத்தியத்தைக் கேட்பதற்கென்றே மக்களைத் திரளச் செய்தவர் இப்பெருமகனார்.

இவர் 1933 ஆம் ஆண்டு இணுவிலிலே, தவில் வித்துவான் விசுவலிங்கம் அவர்களின் மைந்தராகத் தோன்றினார். தந்தையாரே முதற் குருவுமாவார். அக்காலத்திலே தஞ்சை நாட்டு வித்துவான்கள் நம் நாட்டுத் திருவிழாக்களுக்கு வருவதும், நம்மவர் அங்கு சென்று பயில்வதும் வழக்கமாயிருந்தன. தெட்சணாமூர்த்தியும் கடல் கடந்து, நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளை அவர்களை அடைந்து பயின்றார்.

தவிலின் வலந்தலையை விரற்கூடு அணிந்த விரல்களாலும், தொப்பியைக் கழியாலும் முழக்குவர். விரைவு மிகுந்தவிடத்துச் சொற்கள் ஒன்றோடொன்று மயங்குதல் இயல்பு. இவர் கையிலோ, எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் கோத்த முத்தெனத் தனித்து ஒலித்தது. சிக்கலான கணக்குகளைத் தொடுத்துச் சென்று, தீர்மானத்தைத் தாளத்தின் உரிய இடத்திலே பிசகாது சேர்ப்பார். கணக்கறியாத பாமரரும் அவ்வொலியின் இனிமையில் தம்மை மறந்தனர். லயஞான குபேர பூபதி என்னும் பட்டம் இவருக்கே உரியதாயிற்று.

அளவெட்டியை வாழிடமாகக் கொண்ட இவர், அவ்வூர் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் அவர்களோடு சேர்ந்து வாசித்தமை ஈழத்தவரின் பெருஞ் செல்வமாகும். தமிழகத்திலே காருகுறிச்சி அருணாசலம் முதலிய பெருவித்துவான்களும் இவர் வாசிப்பை விரும்பி ஏற்றனர். கற்க வேண்டிக் கடல் கடந்தவர், பின்னர் கேட்க வேண்டி அழைக்கப்பட்டார். கலைக்கு ஊற்று அக்கரையிலே மட்டும் உண்டென எண்ணியிருந்தோர்க்கு அவருடைய கைகளே விடையாயின.

அந்தோ! 1975 ஆம் ஆண்டு மே மாதத்திலே, 42 வயதும் நிரம்பாத நிலையில் இவர் மறைந்தார். கை வாசித்த கலை காற்றோடு போகும். ஒலிப்பதிவுகளில் எஞ்சியதே பின்வந்தோர்க்குக் கிட்டும். மறைந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின், 2015 இல் இயக்குநர் அம்ஷன் குமார் இவர் வரலாற்றை ஆவணப்படமாக்கினார். அது இந்திய தேசிய விருதும் பெற்றது.

இதில் வன்னி மக்களாகிய நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. 2009 வரையான இடப்பெயர்வுகளிலே ஏடுகளையும் ஒலிநாடாக்களையும் இழந்த வீடுகள் நம்மிடையே எத்தனை! பழைய மாணவர்களே, எஞ்சிய நாடா ஒன்றேனும் உங்கள் பெட்டகத்திலே கிடப்பின், அது பழுதுபடுமுன் பிரதி செய்து வையுங்கள். மாணவச் செல்வங்களே, வற்றாப்பளைப் பொங்கலிலும் உங்கள் ஊர்த் திருவிழாவிலும் மேளம் முழங்குங்கால், தவில் வாசிப்பவரின் கைகளையும் சற்றே நின்று நோக்குங்கள். அம்மேதைக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.