ஆட்டுப் பால் காத்த உயிர்

இராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் என்று ஒரு மன்றம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தமது சொந்த வீட்டையே மகாத்மாவின் பெயரால் ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் இந்த மன்றம்.

காந்திஜி என்றதும் நம் கண்முன் வருவது என்ன? எலும்பும் தோலுமான உடம்பு. கைத்தடி. பொக்கை வாய்ச் சிரிப்பு. 1939-ல் நிறுத்துப் பார்த்தபோது அவருடைய எடை 46.7 கிலோதான்!

உண்ணாவிரதம் இருந்து இருந்தே அவர் இப்படி இளைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதைதான். அவர் தானியத்தை விட்டார். பருப்பை விட்டார். பாலையும் விட்டார். ஒரு சமயம் உயிரையே விட்டுவிட இருந்தார்.

இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் சோற்றை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். 'பேலியோ' என்றும் 'கீட்டோ' என்றும் பெயர் சொல்லி, ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைத்தேன் என்று மார்தட்டும் ஆண்களும் இருக்கிறார்கள். காந்திஜி அழகுக்காக இளைக்கவில்லை. அவர் நோக்கம் வேறு. ஆனால் உடம்பு நோக்கத்தைப் பார்ப்பதில்லையே!

சீமையில் ஒரு சோதனை

1888-ம் ஆண்டு. பாரிஸ்டர் படிப்புக்காக மோகன்தாஸ் கப்பல் ஏறினார். அப்போது வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. மாமிசம் தொடமாட்டேன் என்று தாயார் புத்லிபாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

லண்டனில் பட்டினிதான். தங்கிய வீட்டில் உப்பும் உறைப்பும் இல்லாத வெந்த காய்கறி. இன்னும் ஒரு துண்டு ரொட்டி கேட்பதற்கு வெட்கம். தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது.

அதன் பிறகு உணவுச் சோதனை அவருக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. ஒரு சமயம் மாவுப் பொருள்களை அடியோடு நிறுத்தினார். ஒரு சமயம் ரொட்டியும் பழமும் மட்டும். இன்னொரு சமயம் பாலாடைக் கட்டி, பால், முட்டை மட்டும்! மாவுப் பொருள் கூடாது என்று பிரசாரம் செய்த ஒருவர் முட்டை மாமிசம் ஆகாது என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இந்தச் சோதனை. இது இரண்டு வாரம் கூட நீடிக்கவில்லை. தாயார் முட்டையையும் மாமிசமாகத்தானே நினைத்திருப்பார் என்று மனம் உறுத்தியது. விட்டுவிட்டார்.

அளந்து இளைத்த ஒருவர்

மாவுப் பொருளை விடும் மோகம் லண்டனுக்குப் புதிது அல்ல. காந்திஜி அங்கே போவதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பிரபலப்படுத்தியவர் வில்லியம் பான்டிங். (இன்சுலின் புகழ் பான்டிங் வேறு.) இவர் பெரிய மனிதர்களின் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர். ஐந்தரை அடி உயரம் கூட இல்லை. எடையோ 202 ராத்தல், அதாவது 92 கிலோ. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

1862 ஆகஸ்டில் ஹார்வி என்ற டாக்டர் ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓர் ஆண்டில் 46 ராத்தல் குறைந்தது. 1863-ல் தம் அனுபவத்தைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். அது ஆயிரக்கணக்கில் விற்றது. பான்டிங் 81 வயது வரை வாழ்ந்து 1878-ல் காலமானார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 46 ராத்தல் குறைய ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வாரத்துக்கு ஒரு ராத்தல் கூட இல்லை! இன்றைய டாக்டர்களும் வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும் என்றே சொல்கிறார்கள்.

சோற்றை நிறுத்தியதும் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது உண்மை. ஆனால் இறங்குவதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். ஈரலும் தசையும் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அந்தச் சேமிப்போடு ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சேமிப்புத் தீர்ந்தால் தண்ணீரும் போகிறது. இது தெரியாமல் வயிற்றை இன்னும் இறுக்கினால் தசையும் கரையும். தலை சுற்றும். முடி கொட்டும். பித்தப்பையில் கல் உண்டாகலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால், இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தில் முடியும்.

பழமும் கடலையும்

காந்திஜியின் கதைக்கு வருவோம். 1893-ல் அவர் தென்னாப்பிரிக்கா போனார். அந்த ஆண்டே பிரிட்டோரியாவில் சமைக்காத தானியத்தைத் தின்று பார்த்தார். பலவீனம் வந்தது. நிறுத்திவிட்டார்.

1912-ல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். மாடுகளுக்குச் செய்யும் கொடுமை ஒரு காரணம். புலனடக்கம் இன்னொரு காரணம். பிறகு அடுப்பே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெய். இவ்வளவுதான் சாப்பாடு! ஏழையிலும் ஏழை தின்பதையே தாமும் தின்ன வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

வாழையிலும் பேரீச்சையிலும் சர்க்கரை உண்டு. ஆகையால் இதை இன்றைய பேலியோவோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆயினும் தானியம் இல்லை, பால் இல்லை. இடையிடையே உண்ணாவிரதம் வேறு. 1914-ல் பதினான்கு நாள் விரதம் இருந்தார். முடித்ததும் அவசரப்பட்டு நடக்கத் தொடங்கினார். கால்களில் கடும் வலி கண்டது.

அந்தக் காலோடு லண்டன் போனார். அங்கே விலாவில் புளூரிசி என்ற நோய் பிடித்தது. டாக்டர் ஜீவராஜ் மேத்தா, தானியமும் பாலும் சாப்பிடும்படி மன்றாடினார். குருவாக மதித்த கோகலேயும் வற்புறுத்தினார். காந்திஜி ஓர் இரவு முழுவதும் யோசித்தார். பால் மட்டும் முடியாது என்று காலையில் சொல்லிவிட்டார்.

மரணத்தின் வாசலில்

1918-ல் குஜராத்தின் கேடா ஜில்லாவில் சுற்றிக்கொண்டிருந்தார். முதல் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை. வெயிலில் நாளுக்குப் பல மைல் நடை. சாப்பாடு பெரும்பாலும் நிலக்கடலையை அரைத்த வெண்ணெயும் எலுமிச்சம்பழமும்தான். 

வயிறு கெட்டது. பட்டினி போட்டார். கொஞ்சம் தேவலை. அன்று பண்டிகை. கஸ்தூரிபாய் இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பாசிப்பயறும் ஆக்கி வைத்தார். கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டார். உலகத்தையே அடக்கி ஆண்ட வல்லரசை எதிர்த்தவருக்கும் நாக்கை அடக்குவது கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது!

ஒரு மணி நேரத்தில் கடுமையான சீதபேதி. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. மருந்து வேண்டாம் என்று பிடிவாதம். ஆமதாபாத்தில் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆசிரமத்துக்குப் போனார். சேமித்து வைத்த சதை எதுவும் இல்லாத உடம்பு உருகிப் போயிற்று. முடிவு நெருங்கிவிட்டது என்று அவரே நினைத்தார். ஆசிரமவாசிகள் பக்கத்தில் உட்கார்ந்து கீதை வாசித்தார்கள்.

நோய் தணிந்தும் உடம்பு தேறவில்லை. சதை போவதற்குச் சில வாரம் போதும். திரும்பி வரப் பல மாதம் வேண்டும். ஆரோக்கியத்துக்காக மாதேரான் மலைக்குப் போனவர், இன்னும் மோசமாகிப் பம்பாய் திரும்பினார். டாக்டர் தலால் ஆபரேஷன் செய்தார். பால் சாப்பிடாவிட்டால் உடம்பைத் தேற்ற முடியாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். பசும்பாலும் எருமைப்பாலும் குடிப்பதில்லை என்று சபதம் செய்திருப்பதாகக் காந்திஜி பதில் சொன்னார்.

கட்டில் அருகே கஸ்தூரிபாய் நின்றுகொண்டிருந்தார். அதிகம் படிக்காதவர். ஆனால் புருஷனின் பேச்சில் இருந்த சந்தைச் சட்டென்று பிடித்துவிட்டார். அப்படியானால் ஆட்டுப் பாலுக்குத் தடை இல்லையே என்றார். டாக்டரும் அதைப் பற்றிக்கொண்டார்.

பாரிஸ்டர் தோற்றார்! ஆட்டுப் பால் குடித்தார். சபதத்தின் சொல்லைக் காப்பாற்றினேன், அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற வேதனை அவருக்குக் கடைசி வரை போகவில்லை. சத்தியத்தை நினைத்தால் அவர் வேதனைப்பட்டது நியாயமே. ஆனால் அன்று கஸ்தூரிபாய் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

இது நடந்தது 1919-ன் தொடக்கத்தில். மார்ச் மாதம் சென்னைக்கு வந்து ராஜாஜியின் விருந்தினராகத் தங்கினார். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போனார். எழுந்து நின்று பேசக்கூடப் பலம் இல்லை. ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தும் யோசனை அந்தச் சென்னை வீட்டில்தான் ஓர் அதிகாலையில் அவருக்குத் தோன்றியது. ஏப்ரல் 6-ந் தேதி தேசமே கடையடைத்தது.

சோதனைப் பித்து முற்றிலும் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1929-ல் மறுபடியும் சமைக்காத உணவில் இறங்கினார். எடை குறைந்தது. சீதபேதி வந்தது. ஆட்டுப் பாலுக்கே திரும்பினார்.

1942-ல் பூனா ஆகாகான் மாளிகையில் அவரைச் சிறை வைத்தார்கள். கஸ்தூரிபாயும் அங்கேதான் இருந்தார். அங்கே காந்திஜி ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு நாள் சாப்பாடு என்ன என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. பசும்பால் இரண்டு ராத்தல். கோதுமை, அரிசி, கம்பு எல்லாம் சேர்த்து ஆறு அவுன்சு. கீரை மூன்று அவுன்சு. மற்றக் காய்கள் ஐந்து. பச்சைக் காய் ஒன்று. நெய் ஒன்றரை. வெல்லம் ஒன்றரை.

ஒரு காலத்தில் தானியத்தையும் பாலையும் தள்ளி வைத்தவர் போட்ட பட்டியல் இது. மற்றவர்களுக்குப் பசும்பாலை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் ஆட்டுப் பாலையே குடித்து வந்தார்.