பெங்களூரு சூப்பர் மார்க்கெட் ரேக்குக்குப் பின்னால் ஒரு மளிகைக்காரர்: யார் இந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ்?

இரவு ஒன்பது மணி. ஆபீஸ் கேப் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இறக்கிவிட்டுப் போகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட். உள்ளே நுழைந்து ரவா இட்லி மிக்ஸ் பாக்கெட் ஒன்றை எடுக்கிறோம். திருப்பி விலையையும் எக்ஸ்பைரி தேதியையும் பார்க்கிறோம். பிடிக்கவில்லை. அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனி பாக்கெட்டை எடுக்கிறோம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். ஆனால் சுமார் 110 வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவிலேயே இப்படிச் செய்ய முடியாது. மளிகைக் கடையில் பொருள் இருக்கும் அலமாரி வாடிக்கையாளரின் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருந்தது. அந்த அலமாரியை நம் பக்கம் திருப்பி, அதைப் பெரிய வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். கோடிகளைச் சம்பாதித்து, பங்குச் சந்தையில் அத்தனையும் இழந்து, கடைசியில் தான் திறந்துவிட்ட ரேக்கைத் தானே மூட முயன்றவர். இன்று பெங்களூரின் டெலிவரி ஆப்களைப் புரிந்துகொள்ளவும் அவர் கதை உதவும்.

அவருக்கு முன்பு கடை எப்படி இருந்தது?

ஊரில் அண்ணாச்சி கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், சாமான் அந்தப் பக்கம். லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். கடைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து, மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பான். கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எந்த பிராண்ட் வரும் என்பது பாதி நேரம் அண்ணாச்சியின் விருப்பம்.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்க மளிகைக் கடையும் ஏறக்குறைய இதேதான். பீப்பாயிலும் சாக்கிலும் சரக்கு, கவுன்ட்டரில் குமாஸ்தா, பெரும்பாலும் கடன் கணக்கு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி. இதற்கெல்லாம் ஆள் கூலி உண்டு. அந்தக் கூலி சாமான் விலையில்தான் ஏறும். கூட்டம் இல்லாத நேரத்தில் குமாஸ்தாக்கள் சும்மா நிற்பார்கள். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர்கள் சும்மா நிற்பார்கள்.

வறுமையில் பிறந்த விற்பனையாளர்

சாண்டர்ஸ் பிறந்தது 1881-இல், வர்ஜீனியா மாநிலத்தில். வசதி இல்லாத குடும்பம். பிறகு டென்னசி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் வேறு சில வேலைகளும் பார்த்துவிட்டு, 19 வயதில் மொத்த மளிகை வியாபாரி ஒருவரிடம் விற்பனையாளரானார். பிறகு மெம்பிஸ் நகரத்துக்கு வந்தார்.

ஒரு மொத்த வியாபாரியின் சேல்ஸ்மேனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். வாரா வாரம் பத்துப் பதினைந்து கடைகளின் உள்ளே போய்ப் பார்க்கிறார். எந்தக் கடை எதனால் நொடித்துப் போகிறது என்று அவருக்குப் பாடமாகிவிடும். சாண்டர்ஸ் கண்டது இரண்டு ஓட்டைகள்: கடன் கொடுத்து வசூலாகாமல் போவது, ஆள் கூலி. இரண்டையும் அடைக்க வழி தேடினார்.

79, ஜெஃபர்சன் அவென்யூ

1916 செப்டம்பரில் மெம்பிஸில் இந்த முகவரியில் ஒரு கடை திறந்தார். பெயர் பிக்லி விக்லி. ஏன் இந்த வினோதப் பெயர் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. ஜனங்கள் இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே வைத்தேன் என்கிற மாதிரி அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

கடைக்குள் நுழைய ஒரு சுழல் கதவு. உள்ளே போனதும் கையில் கூடை. ஒரே ஒரு பாதை. வளைந்து வளைந்து எல்லா அலமாரிகளையும் கடந்து கடைசியில் பணம் கட்டும் இடத்தில் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு பொருளின் மேலும் விலை. கடன் கிடையாது, வீட்டுக்கு டெலிவரி கிடையாது. சர்க்கரை மட்டும் வாங்க வந்தவரும் பிஸ்கட்டையும் ஜாமையும் பார்த்துக்கொண்டேதான் வெளியே போக முடியும். இன்று பெரிய ஃபர்னிச்சர் ஷோரூம்களில் நாம் சுற்றிச் சுற்றி வருவதும் இதே தந்திரம்தான்.

வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் கடை என்ற யோசனை முழுக்க அவருடையது மட்டும் அல்ல. கலிபோர்னியாவில் அவருக்கு முன்பே சிலர் முயன்று பார்த்திருக்கிறார்கள். சாண்டர்ஸ் செய்தது, கடையின் அமைப்பையே ஒரு கண்டுபிடிப்பாகப் பதிவு செய்தது. 1917 அக்டோபரில் அவருக்கு காப்புரிமை கிடைத்தது. அலமாரி எங்கே, பாதை எங்கே, நுழைவாயில் எங்கே, கல்லா எங்கே என்பதெல்லாம் அதில் படமாக இருந்தது. அந்த அமைப்பை ஃபிரான்சைஸ் முறையில் ஊர் ஊராகக் கொடுத்தார். எந்த ஊர் பிக்லி விக்லிக்குப் போனாலும் ஒரே மாதிரி கடை. ஆறே வருஷத்தில் 1,200 கடைகள்.

அலமாரியைத் திருப்பியதால் என்ன மாறியது?

முதலில் மாறியது பாக்கெட். குமாஸ்தா இல்லாத கடையில் பொருளைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் பாக்கெட்டே பேச வேண்டியதாயிற்று. பெயர், எடை, விலை, படம் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். சாக்கில் இருந்த சரக்கு பெட்டிக்கு மாறியது. பிராண்டுகள் கடைக்காரரை நம்பாமல் நேராக வாடிக்கையாளரிடம் விளம்பரம் செய்யத் தொடங்கின.

அடுத்து மாறியது அலமாரி. பழைய மர அலமாரியில் தட்டுகள் ஆணி அடித்து நிலையாக இருக்கும். ஆனால் பாக்கெட்டுகள் ஒரே உயரத்தில் வருவதில்லை. இன்று கார்ன்ஃப்ளேக்ஸ் இருக்கும் இடத்தில் நாளை நூடுல்ஸ் வரலாம். இதற்கான தீர்வுதான் கழற்றி மாட்டும் மாடுலர் ரேக். நேராக நிற்கும் இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் துளைகள். அதில் பிராக்கெட்டை மாட்டி, மேலே தகட்டை வைத்தால் தட்டு தயார். உயரத்தை மாற்ற ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஒரு சட்டத்தோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் வரிசை நீளும். பெங்களூரு பீன்யா பக்கம் போனால், இப்படிப்பட்ட ரேக்குகளுக்கு தகடு வளைத்து பவுடர் கோட்டிங் அடிக்கும் பட்டறைகளைப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, இடத்துக்கே விலை வந்தது. கண் மட்டத்தில் இருக்கும் தட்டுதான் அதிகம் விற்கும். குழந்தைகளுக்கான சாக்லேட் அவர்கள் கண் மட்டத்தில், அதாவது கீழே. வரிசையின் முனையில் இருக்கும் ரேக் தனியாகக் கண்ணில் படும் என்பதால் அதற்கு இன்னும் மவுசு. இந்த இடங்களுக்காக உணவு கம்பெனிகள் கடைகளுக்குப் பணமோ தள்ளுபடியோ கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம். அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த காலத்தில் தேர்வு அவருடையது. ரேக்கில் நாமே எடுக்கும்போது தேர்வு நம்முடையது போலத் தோன்றும். பாதிதான் உண்மை.

யாருக்கு லாபம், யார் தலையில் வேலை?

சாண்டர்ஸ் கடையில் விலை குறைந்தது உண்மை. காரணம், குமாஸ்தா செய்த வேலையை வாடிக்கையாளர் கூலி இல்லாமல் செய்தார். தேடுவது, எடுப்பது, சுமப்பது எல்லாம் வாங்குபவர் வேலை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1916-இன் மெம்பிஸ் நிறவெறிச் சட்டங்கள் ஆட்சி செய்த ஊர். கவுன்ட்டர் கடையில் யாரை முதலில் கவனிப்பது, யாரைக் காக்க வைப்பது, யாருக்கு எந்தத் தரத்தில் கொடுப்பது எல்லாம் குமாஸ்தா கையில் இருந்தது. அச்சடித்த விலையும் எல்லோரும் நடக்கும் ஒரே பாதையும் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் குறைத்தன. நிறவெறி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் டப்பாவின் விலை ஆளைப் பார்த்து மாறவில்லை. கடைத் திண்ணைக்குக் கீழே நின்று சாமான் வாங்கிய தலைமுறைகள் நம் ஊரிலும் உண்டு. அவர்களிடம் கேட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

வால் ஸ்ட்ரீட்டோடு மல்லுக்கட்டு

1922-இல் பிக்லி விக்லி பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. அந்த வருஷக் கடைசியில் நியூயார்க் பக்கம் சில ஃபிரான்சைஸ் கடைகள் மூடப்பட்டன. அவை சாண்டர்ஸ் நேரடியாக நடத்திய கடைகள் அல்ல. ஆனாலும் கம்பெனியே கவிழப்போகிறது என்று சந்தையில் பேச்சு கிளம்பியது. பங்கு விலை சரியும் என்று பந்தயம் கட்டி பலர் ஷார்ட் அடித்தார்கள். அதாவது கையில் இல்லாத பங்கைக் கடனாக வாங்கி விற்பது, விலை விழுந்ததும் குறைவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது.

சாண்டர்ஸுக்குக் கோபம் வந்தது. சுமார் 1 கோடி டாலர் கடன் திரட்டி, சந்தையில் வந்த பங்குகளையெல்லாம் வாங்க ஆரம்பித்தார். மொத்தம் இருந்த 2 லட்சம் பங்குகளில் ஏறக்குறைய எல்லாமே அவர் கட்டுப்பாட்டுக்கு வந்தன. ஷார்ட் அடித்தவர்கள் திருப்பிக் கொடுக்கப் பங்குக்கு எங்கே போவார்கள்? அவரிடம்தான் வர வேண்டும். 1923 மார்ச் 20 அன்று விலை 124 டாலர் வரை ஏறியது.

அப்போது பங்குச் சந்தை நிர்வாகம் உள்ளே வந்தது. பிக்லி விக்லி வர்த்தகத்தை நிறுத்தியது. ஷார்ட் அடித்தவர்களுக்குக் கூடுதல் அவகாசமும் கொடுத்தது. அந்த அவகாசத்தில் அவர்கள் ஊர் ஊராகத் தேடி மீதிப் பங்குகளைப் பிடித்தார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தவர் கையில் விற்க முடியாத பங்குகளும் கட்ட வேண்டிய கடனும் மிஞ்சின. மெம்பிஸ் மக்களிடமே பங்குகளை விற்கப் பார்த்தார், கடன் தீரும் அளவுக்கு நடக்கவில்லை. 1923 ஆகஸ்டில் கம்பெனியை விட்டு வெளியேறினார்.

அப்போது அவர் இளஞ்சிவப்புப் பளிங்குக் கல்லில் ஒரு மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒருநாளும் குடியிருக்கவில்லை. அது பின்னர் நகரத்தின் அருங்காட்சியகமானது. முதல் பிக்லி விக்லி கடையின் மாதிரி ஒன்று இன்றும் அதற்குள் இருக்கிறது.

அவர் போன பிறகும் கம்பெனி வளர்ந்தது. 1932-இல் 2,660 கடைகள். அமெரிக்காவில் இப்போதும் அந்தப் பெயரில் கடைகள் உண்டு.

சாவி போட்டால் சாமான்

சாண்டர்ஸ் சோர்ந்து போகிற ஆள் இல்லை. தன் பெயருக்குத் தானே உரிமையாளர் என்று நீட்டி முழக்கும் பெயரில் இன்னொரு கடைச் சங்கிலி தொடங்கினார். பழைய கம்பெனி வழக்குப் போட்டும் பெயரைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பெருமந்தம் வந்து அந்தக் கடைகளை மூழ்கடித்தது.

1937-இல் மூன்றாவது முயற்சி: கீடூசில். பழைய கடைக்கு நேர் எதிர். பொருட்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு சாம்பிளாக இருக்கும். வாடிக்கையாளர் கையில் ஒரு சாவி. வேண்டிய பொருளுக்குப் பக்கத்துத் துளையில் சாவியைப் போட்டால் ஆர்டர் பதிவாகும். பின்னால் உள்ள கிடங்கிலிருந்து இயந்திரம் பொருளைத் தள்ளிவிடும், கன்வேயர் பெல்ட் கல்லாவுக்குக் கொண்டுவரும், பில்லும் தயாராக இருக்கும்.

யோசனை அபாரம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து இயந்திரத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கூட்ட நேரத்தில் திணறியது, ஆர்டர்கள் மாறிப்போயின. 1940களின் கடைசி வரை திருப்பித் திருப்பி முயன்று பார்த்தார். அதற்கும் பிறகு இன்னொரு தானியங்கிக் கடைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, 1953 அக்டோபரில், 72 வயதில் இறந்துபோனார்.

பெங்களூருக்கு இது எப்படி வந்தது?

பெங்களூரு கதையில் முக்கியமான பெயர் ஒரு தமிழருடையது. கோயம்புத்தூருக்கும் நீலகிரிக்கும் இடையே ஆங்கிலேயர்களுக்குத் தபால் சுமந்தவர் முத்துசாமி முதலியார். மலையிலிருந்து திரும்பும்போது வெண்ணெய் கொண்டுவந்தவர், 1905-இல் ஆங்கிலேயர் ஒருவரின் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கிக் கடை போட்டார். அதுதான் நீல்கிரிஸ். 1936-இல் பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. வெளிநாட்டுக் கடைகளைப் பார்த்துவந்த அடுத்த தலைமுறை, அங்கே சூப்பர் மார்க்கெட் முறையைக் கொண்டுவந்தது. பால், ரொட்டி, பாக்கெட் சாமான் எல்லாவற்றையும் நாமே ரேக்கிலிருந்து எடுக்கும் பழக்கம் இந்தியாவில் தொடங்கிய ஆரம்ப இடங்களில் அதுவும் ஒன்று.

இப்போது அதே ஊர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. பிக்பாஸ்கெட் 2011-இல் பெங்களூரில் தொடங்கியது. ஸ்விகியின் இன்ஸ்டாமார்ட் 2020-இல் வந்தது. பத்து நிமிஷ டெலிவரிக்காகத் தெருவுக்குத் தெரு டார்க் ஸ்டோர்கள். அங்கேயும் வரிசை வரிசையாக அதே மாடுலர் ரேக்தான். ஆனால் வாடிக்கையாளர் உள்ளே போக முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். போனில் வரும் எண்ணைப் பார்த்து ஓடி ஓடி எடுப்பவர் ஒரு ஊழியர். நம் கையில் சாவிக்குப் பதில் ஆப். கீடூசில் தோற்ற இடத்தில் இவை ஜெயிப்பதற்குக் காரணம் கம்ப்யூட்டர் மட்டும் அல்ல. இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை அங்கே ஒரு மனிதர் ஓடிச் செய்கிறார்.

கண் மட்டத் தட்டும் போன் திரைக்கு வந்துவிட்டது. தேடினால் முதலில் வரும் இரண்டு மூன்று பொருட்களின் ஓரத்தில் சின்ன எழுத்தில் விளம்பரம் என்று இருக்கும். 1916-இல் சாண்டர்ஸ் குமாஸ்தாவை எடுத்துவிட்டார், கூலி மிச்சமானது, விலை குறைந்தது. இப்போது குமாஸ்தா திரும்பி வந்திருக்கிறார், நம் கண்ணில் படாத ஒரு கட்டடத்துக்குள். அவருடைய கூலி நாம் கட்டும் பில்லில் எங்கே இருக்கிறது என்று அடுத்த ஆர்டரில் ஒருமுறை வரிவரியாகத் தேடிப் பாருங்கள்.