மந்தை கண்ட மேதை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் திருமயம் பக்கத்துக் கிராமமொன்றில் செம்மறி மேய்ப்பவர். விலங்கியல் வகுப்பில் மெண்டலைப் படித்தபோது, அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஆட்டு மந்தையை ஆய்வுக்கூடமாக்கிய குடியானவர் ஒருவரைப் பற்றியும் அறிந்தேன். அவரே இராபர்ட் பேக்வெல்.

அவர் 1725-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த டிஷ்லியில் பிறந்தார். உழுத நிலம் அவருக்குச் சொந்தமன்று; குத்தகை நிலமே. இளமையில் ஊர் ஊராகச் சென்று வேளாண்மை முறைகளைக் கண்டறிந்தார். 1760-இல் தந்தை மறைந்தபின் பண்ணை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

அக்காலத்தில் கிடாயும் பெட்டையும் ஒரே வெளியில் கலந்து மேய்ந்தன. எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று எவரும் அறியார். பேக்வெல் இரண்டையும் பிரித்தார். எலும்பு சிறுத்து, சதை திரண்டு, விரைவில் கொழுக்கும் ஆடுகளையே தேர்ந்து இணைத்தார். விரும்பிய குணம் நிலைபெற, நெருங்கிய இரத்த உறவுள்ள ஆடுகளை இணைக்கவும் தயங்கவில்லை. அறுத்த ஆடுகளின் எலும்புகளையும், உப்புநீரில் இட்ட இறைச்சித் துண்டங்களையும் வீட்டிலேயே வைத்து, கொழுப்பின் கனத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். இவ்வாறு உருவானதே நியூ லெஸ்டர் இனம்.

பொலிகிடாய்களை அவர் விற்கவில்லை. பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். சில ஷில்லிங்கில் தொடங்கிய வாடகை பின்னாளில் நூற்றுக்கணக்கான கினிகளாக உயர்ந்தது. பிறர் மந்தையில் பிறந்த குட்டிகளைக் கண்டு, எந்தக் கிடாய் சிறந்தது என அவரால் தீர்மானிக்க முடிந்தது. 1795-இல் அவர் மறைந்தார். டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் அவரைக் குறிப்பிட்டுள்ளார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இனத்தின் இறைச்சியில் கொழுப்பு மிகுந்தது. குட்டி ஈனும் திறன் குறைந்தது. ஒரு குணத்தைத் துரத்தினால் மற்றொன்று நழுவும் போலும்! 1983-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்த ஒரு கிடாயிடம் பின்தொடைச் சதையைப் பெருக்கும் ஜீன் மாற்றம் காணப்பட்டது. சதை பெருகியது, இறைச்சியோ கடினமாயிற்று. அறுத்தபின் தசையை மென்மையாக்குவது கால்பெய்ன் என்னும் நொதி. அதனைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் அவ்வாடுகளில் மிகுந்திருந்ததே காரணம்.

இதைப் படித்தபோது எங்கள் பட்டி நினைவுக்கு வந்தது. வேகமாக வளரும் கிடாய்க்குட்டிக்கே நல்ல விலை. ஆகவே அதுவே முதலில் புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டைக்குப் போகிறது. மீந்து நிற்கும் சவலைக் கிடாயே அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. என் விடுதிச் செலவும் அப்படி விற்ற ஒரு கிடாயின் விலைதான். அதனால் தந்தையாரைக் குறை கூற எனக்கு வாயில்லை.

ஆயினும் இவ்வாண்டு, மந்தையில் முதல்தரமான ஒரு குட்டியை விற்காமல் நிறுத்தும்படி வேண்டினேன். நீண்ட நேரம் யோசித்தபின் சம்மதித்தார். ஈராண்டு கழித்து அதனைப் பக்கத்து ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொண்டால், தகப்பனே மகளோடு சேரும் குறையும் நீங்கும்.

மேச்சேரி ஆட்டுக்கெனச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆனால் பேக்வெல் தொடங்கியது குத்தகை நிலத்தில், கண்ணையும் கையையும் நம்பித்தான். ஆடு வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த நண்பர்களே, விடுமுறையில் உங்கள் பட்டியில் எந்தக் கிடாய் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எங்கள் கிடாய் இன்றுவரை நிற்கிறது.