தலைச்சுமையாகப் பீட்சா விற்ற பெப்பே

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் தெருக்களில் பீட்சா கிடைக்கிறது. புளிக்க வைத்த மாவை வட்டமாகத் தட்டி, மேலே தக்காளியும் பாலாடைக் கட்டியும் பரப்பி, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். பிறந்த இடம் இத்தாலி. அமெரிக்காவில் ஊருக்கு ஒரு விதமாகச் சுடுகிறார்கள். அதில் நியூ ஹேவன் நகரத்துப் பீட்சாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் பிராங்க் பெப்பே. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

பெப்பே 1893-ம் ஆண்டு இத்தாலியில் மையோரி என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். 1909-ல், 16 வயதில், பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். நியூ ஹேவனில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பிடிக்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டதும் தாய்நாடு திரும்பிப் பட்டாளத்தில் சேர்ந்தார். போர் முடிந்தபின் மனைவி பிலோமினாவுடன் மீண்டும் நியூ ஹேவன் வந்தார்.

அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் கொடுத்த நன்கொடைக்காக, 1718-ல் வைத்த பெயர் அது. அப்படிப்பட்ட படிப்பாளிகள் ஊரில்தான் பெப்பே பிழைக்க வேண்டியிருந்தது.

எழுத்து தெரியாத கஷ்டம்

ரொட்டிக் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். பீட்சாக்களைத் தலையில் சுமந்து சந்தையில் விற்றார். நம் மீன்காரப் பெண்கள் கூடை சுமப்பது போலத்தான்.

பிறகு வீடு வீடாக ரொட்டி கொடுத்தார். விலாசம் குறித்து வைக்க முடியவில்லை. கணக்கு குழம்பியது. வாங்குகிறவர்கள் நம்மைத் தேடி வரட்டும் என்று முடிவு செய்தார். 1925-ல் உஸ்டர் தெருவில் பீட்சாக் கடை திறந்தார். எழுத்து வேலையைப் பிலோமினா பார்த்துக் கொண்டார். அந்த அம்மாள் இல்லாவிட்டால் கடை நிலைத்திருக்குமா என்பது சந்தேகமே.

மட்டி பீட்சா

அடுப்பு எரிவது நிலக்கரியில். சூடு கடுமையானது. பீட்சாவின் ஓரம் அங்கங்கே கருகியிருக்கும். நம் வீட்டில் தீய்ந்தது என்று ஒதுக்குவோம். அங்கே அதுதான் ருசி!

முட்டுக்காடு கழிமுகத்தில் மட்டி எடுக்கிறார்களே, அதைப் போன்ற மட்டி நியூ ஹேவன் பக்கத்துக் கடலிலும் உண்டு. பெப்பே கடையில் அதைப் பச்சையாகவே ஓட்டில் வைத்துப் பரிமாறினார்கள். 1960-களில் அந்தச் சதையைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், துருவிய பாலாடைக் கட்டியோடு மாவின்மேல் பரப்பிச் சுட்டார்கள். தக்காளி கிடையாது. கடையின் புகழைத் தூர தேசங்களுக்குக் கொண்டு போனது இந்த மட்டி பீட்சாதான்.

பெப்பே 1969-ல் காலமானார். கடை இன்றும் அதே உஸ்டர் தெருவில் நடக்கிறது. வாசலில் வரிசையில் நிற்கிறவர்களில் யேல் மாணவர்களும் உண்டு.