நார்மன் ஜெஃப்ரிஸ் ஹோல்ட்டர்

நார்மன் ஜெஃப்ரிஸ் ஹோல்ட்டர் (பெப்ரவரி 1, 1914 – ஜூலை 21, 1983) ஓர் அமெரிக்க உயிரியற்பியலாளர் ஆவார். ஒருவர் தம் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே அவரது இதயத்துடிப்பைப் பல மணிநேரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை உருவாக்கியவர் இவரே. அக்கருவி இவரது பெயரால் ஹோல்ட்டர் கருவி என்று அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஹோல்ட்டர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகரான ஹெலேனாவில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஆன்டன் ஹோல்ட்டர் நார்வேயில் இருந்து குடியேறியவர்; மொன்டானாவின் தொடக்ககாலத் தொழில் முனைவோருள் ஒருவர். குடும்பத்தினர் ஹெலேனாவில் இரும்புப் பொருள் வணிகம் நடத்தி வந்தனர். ஹோல்ட்டர் இயற்பியலிலும் வேதியியலிலும் முதுகலைப் பட்டங்கள் பெற்றார்.

லாஸ் ஏஞ்சலஸில் பயின்ற காலத்தில் உளவியலாளர் ஜோசப் ஜெங்கரெல்லியுடன் இணைந்து, நரம்புகளைக் கம்பியால் தொடாமல் மின்புலத்தால் தூண்டும் சோதனைகளைச் செய்தார். உயிருள்ள உடலை எதனுடனும் பிணைக்காமல் ஆராய வேண்டும் என்னும் எண்ணம் இச்சோதனைகளில் தொடங்கி இவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் முதுநிலை இயற்பியலாளராகப் பணியாற்றிக் கடலலைகளை ஆராய்ந்தார். 1946 ஆம் ஆண்டு பிகினி பவளத்தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின்போது ஆய்வுக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார்.

கண்டுபிடிப்பின் பின்னணி

டச்சு நாட்டு மருத்துவ அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலை வரைபடத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். இதற்காக அவருக்கு 1924 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் இம்முறையில் ஒரு குறை இருந்தது. நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். பதிவாவதோ சில துடிப்புகள் மட்டுமே. மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. சீரற்ற துடிப்பு பலருக்கு எப்போதாவது தோன்றிச் சில நொடிகளில் மறைந்துவிடும். மாடிப்படி ஏறும்போது படபடப்போ மயக்கமோ வந்த ஒருவர் மருத்துவமனையை அடைவதற்குள் துடிப்பு சீராகிவிட்டால், வரைபடத்தில் குறை எதுவும் தெரியாது. நோய் இருந்தும் அதற்குச் சான்று கிடைக்காத நிலை இது.

வானொலியில் இருந்து காந்த நாடாவுக்கு

போருக்குப் பின் ஹெலேனாவுக்குத் திரும்பிய ஹோல்ட்டர், அங்கே ஹோல்ட்டர் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். பிற்காலத்தில் இதன் ஆய்வுக்கூடம் பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடம் ஒன்றில் இயங்கியது. வில்ஃபோர்ட் கிளாஸ்காக் இவருடைய முதன்மை உதவியாளராக இருந்தார்.

முதலில் மூளையின் மின்னலைகளை வானொலி வழியே அனுப்ப முயன்றனர். இதயத்தின் மின்னழுத்தம் மூளையினுடையதைக் காட்டிலும் பலமடங்கு மிகுதி என்பதால், அதனைப் பதிவு செய்வது எளிதாக இருந்தது. எனவே ஹோல்ட்டர் இதயத்தின் பக்கம் திரும்பினார். 1940களின் பிற்பகுதியில் உருவான முதல் கருவியின் எடை சுமார் 38 கிலோகிராம். வெற்றிடக் குழாய்களும் மின்கலங்களும் கொண்ட அச்சுமையை முதுகில் கட்டிக்கொண்டு, ஹோல்ட்டர் தாமே மிதிவண்டிப் பயிற்சி செய்து சோதித்தார்.

டிரான்சிஸ்டர்களின் வருகையால் கருவி வெகுவாகச் சிறுத்தது. அலைவாங்கியின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டிய கட்டாயத்தை நீக்க, வானொலிக்கு மாற்றாக, உடலில் சுமந்து செல்லும் சிறிய காந்த நாடாப் பதிவுக்கருவி பயன்படுத்தப்பட்டது. இம்முறையை விளக்கும் ஹோல்ட்டரின் கட்டுரை 1961 இல் சயன்ஸ் இதழில் வெளியானது.

பதிவைப் படிக்கும் முறை

பத்து மணிநேரப் பதிவைப் பத்து மணிநேரம் உட்கார்ந்து பார்ப்பது நடைமுறையில் இயலாது. எனவே நாடாவை 60 மடங்கு வேகத்தில் ஓட்டும் முறை வகுக்கப்பட்டது. பத்து மணிநேரப் பதிவைப் பத்து நிமிடங்களில் பார்த்துவிடலாம். துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும். வடிவம் மாறிய துடிப்பு உடனே கண்ணில் படும். நிமிடத்திற்கு 70 முறை துடிக்கும் இதயம் இவ்வேகத்தில் நொடிக்கு 70 முறை ஒலிப்பதால் தாழ்ந்த ரீங்காரம் போலக் கேட்கும். ஒழுங்கு குலைந்தால் ஒலியும் மாறும். இவ்வாறு கண்ணும் காதும் சேர்ந்து பிழையான துடிப்பைக் கண்டறிந்தன.

மருத்துவப் பயன்பாடு

லாஸ் ஏஞ்சலஸ் இதயநோய் மருத்துவர் எலியட் கோர்டே இக்கருவியை மருத்துவத்துறைக்குக் கொண்டு வருவதில் பெரும் பங்காற்றினார். 1960களில் டெல் மார் நிறுவனம் இதனை வணிக முறையில் தயாரித்தது.

மார்பில் ஒட்டப்படும் மின்முனைகள் வழியாக, வழக்கமாக 24 முதல் 48 மணிநேரம் வரை துடிப்பு பதிவு செய்யப்படுகிறது. படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி ஆகியவை தோன்றிய நேரத்தை நோயாளி குறித்து வைக்கிறார். மருத்துவர் அந்நேரத்துப் பதிவை அதனுடன் ஒப்பிடுகிறார். அறிகுறி தோன்றிய நேரத்தில் துடிப்பு சீராக இருந்திருந்தால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் என்பது தெளிவாகும். பக்கவாதத்திற்கு வழிவகுக்கக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பைக் கண்டறியவும் இப்பதிவு உதவுகிறது. காந்த நாடாவின் இடத்தை இன்று எண்ணிம நினைவகம் பிடித்துள்ளது. பல நாட்கள் பதிவு செய்யும் ஒட்டுப்பட்டைகளும் பயன்பாட்டில் உள்ளன.

பிற்காலம்

ஹோல்ட்டர் அணு மருத்துவத்திலும் ஈடுபாடு கொண்டு, 1950களில் அமெரிக்க அணு மருத்துவக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1964 இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உடனடிப் பயனை நோக்காத ஆராய்ச்சிக்கும் இடமளிக்க வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். மருத்துவத் தொழில்நுட்பத்திற்கு இவர் ஆற்றிய பணிக்காக 1979 இல் லாஃப்மன்–கிரேட்பாட்ச் பரிசு வழங்கப்பட்டது. 1983 இல் தம் 69 ஆவது வயதில் காலமானார்.