இருமொழியாளர் ஆனந்தரங்கர்

சென்னை மாநகரின் வடபால் திருவொற்றியூரும் அதனை அடுத்த சாத்தாங்காடும் உள்ளன. அவற்றிற்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் இருப்பது பெரம்பூர். இன்று இரயிற்பெட்டித் தொழிற்சாலையாற் பெயர் பெற்று விளங்கும் அவ்வூரில், 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், திருவேங்கடம் பிள்ளை என்னும் வணிகரின் மகனாய்ப் பிறந்தவரே ஆனந்தரங்கப் பிள்ளை. நெடிய நாட்குறிப்பு ஒன்றை எழுதிவைத்த பெருமையால் உலகம் அவரை அறியும். எனினும், அவர் வாழ்வை உயர்த்தியதும் அலைக்கழித்ததும் அந்நாட்குறிப்பு அன்று. கடல் கடந்து வந்தவர் மொழிக்கும் தம் தாய்மொழிக்கும் நடுவே நின்று பேசும் தொழிலே ஆகும்.

அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக் கும்பெனியாரின் ஆளுகையில் இருந்தது. துணி வாங்கவும், நெசவாளர்க்கு முன்பணம் கொடுக்கவும், நாட்டரசரோடு கடிதப் போக்குவரத்து நடத்தவும் அவர்கட்குத் தமிழ் அறிந்த துணைவர் இன்றியமையாதவராயினர். ஆயினும் தமிழருள் பிரெஞ்சு அறிந்தார் மிகச் சிலரே. அதனால், முன்னரே கடற்கரை எங்கும் பரவியிருந்த போர்த்துக்கேசிய மொழியே சிதைந்த வடிவில் இருசாரார்க்கும் பொதுமொழியாயிற்று. விலை பேசவும் கணக்குத் தீர்க்கவும் அது போதும். வழக்கு மன்றத்திற்கு அது போதுமா?

போதாது என்பதைத் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் கதை காட்டுகிறது. அவர் 1708 முதல் கும்பெனியின் தலைமைத் தரகராய் இருந்தவர், பெருஞ்செல்வர். திருவேங்கடம் பிள்ளையைப் புதுச்சேரிக்கு வரவழைத்தவரும் அவரே. 1716இல் பகைவர் சூழ்ச்சியால் அவர்மேற் குற்றஞ் சாட்டிச் சிறையிட்டனர். அவருக்குப் போர்த்துக்கேசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. உசாவலோ பிரெஞ்சு மொழியில் நடந்தது. அவர் கூறிய விடைகள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாய்வழியே சென்று பிரெஞ்சில் எழுதப்பட்டன. தம் சொல் எவ்வாறு எழுதப்பட்டது என்று படித்தறிய அவரால் இயலவில்லை. கசையடியும் சிறைவாழ்வும் நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன, உடைமைகள் பறிக்கப்பட்டன. 1717இல் அவர் சிறையிலேயே மாண்டார். வழக்கின் அல்லல் திருவேங்கடம் பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை. பின்னர் நைனியப்பரின் மைந்தர் குருவப்ப பிள்ளை பாரிசு நகரம் வரை சென்றார். அத்தீர்ப்புப் பிழையென்று பிரான்சு நாட்டு அரசவை மாற்றியதும், குருவப்பர் அந்நாட்டு அரச விருது பெற்றுத் திரும்பியதும் உண்மையே. இறந்தவர்க்கு அதனால் யாது பயன்?

இவை நிகழ்ந்த காலத்தில் ஆனந்தரங்கர் ஏழெட்டு வயதுச் சிறுவர். குடும்பம் பட்ட துன்பத்தை அவர் அறியாதிருந்திருக்க முடியாது.

அந்நாளில் துபாசிகள் பிறமொழியைக் கற்றது ஏட்டின் வாயிலாக அன்று. துபாசி என்னும் சொல்லுக்கே இருமொழியாளர் என்பது பொருள். பண்டகசாலையில் மூட்டை எண்ணும் இடத்திலும், கப்பல் வந்து நிற்கும் துறையிலும், துரைமார் வாயிலிலும் நின்று செவியாற் கேட்டு நாவாற் பயின்றனர் என்பதே பொருந்தும். தமிழர்க்குப் பிரெஞ்சு எளிய மொழி அன்று. எழுதியவாறே படித்துப் பழகியவர் நாம். அம்மொழியிலோ சொல்லின் இறுதியில் எழுதும் மெய்களுட் பல ஒலிப்பதில்லை. உயிர்களுட் சில மூக்கின் வழியே ஒலிக்கும். அவர்கள் ஆடவரைக் குறிக்கும் மரியாதைச் சொல் தமிழர் நாவில் முசே என்று ஆனதும் இதனாலேதான். இலக்கணம் வல்லார் நகைப்பினும் நகைக்கலாம். கேட்ட ஒலியை எழுதும் நேர்மை அதில் உண்டு.

1726இல் தந்தை காலமானார். ஆனந்தரங்கருக்கு அப்போது பதினேழு வயது. ஆளுநர் லெனுவார் இளைஞரின் திறமையை மதித்துப் பரங்கிப்பேட்டை வணிகத்தை அவரிடம் ஒப்புவித்தார். பின் வந்த துய்மா, துய்ப்ளே ஆகியோர் காலத்திலும் அவர் செல்வாக்கு வளர்ந்தது. தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின், அப்பதவி 1747இல் இவரை அடைந்தது.

அது பஞ்சணை அன்று. ஆளுநர் சினந்து கூறும் சொல்லைக் கேட்போர் மனம் முறியாமல் எடுத்துரைக்க வேண்டும். கூட்டினால் ஒரு பக்கம் ஐயுறும், குறைத்தால் மறுபக்கம் ஐயுறும். இவருக்கு வேறோர் இடரும் இருந்தது. துய்ப்ளேயின் மனைவியார் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுபவர். ஆளுநர்க்குத் துபாசியின் வாய் ஒன்றே வழி என்னும் நிலை அதனால் இல்லாமற் போயிற்று. அவ்வம்மையாரின் பகைமையால் தாம் உற்ற மனவேதனையைப் பிள்ளை பலவிடத்தும் எழுதியுள்ளார்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியது. தாம் பிறந்த ஊருக்கு அருகிருந்த நகரம் தம் எசமானர் கையில் வீழ்ந்த செய்தியும் அந்நாட்குறிப்பில் உண்டு.

பகலெல்லாம் பிறர் மொழியில் உழன்ற அவர், நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கிய பணி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு நடந்தது. கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, வழக்கு, ஊர்ப்பேச்சு, ஆளுநரோடு நிகழ்ந்த உரையாடல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். நடை செந்தமிழ் அன்று. வேற்றுமொழிச் சொற்கள் மிடைந்த பேச்சுத் தமிழ். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் வாய்மொழியைக் கேட்க விரும்புவார்க்கு இதனினும் சிறந்த கருவூலம் அரிது.

1756இல் அவர் பதவி பறிபோயிற்று. உடல்நலமும் குன்றியது. 1761 சனவரியில், ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, நகர் பணிவதற்குச் சில நாள் முன்னர் அவர் உயிர் நீத்தார். நாட்குறிப்பு எண்பதாண்டுக்கு மேல் உலகறியாமற் கிடந்தது. 1846இல் கல்வா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசினர் அதனைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழ் மூலம் அதன் பின்னரே புதுச்சேரியில் தொகுதி தொகுதியாக அச்சேறியது.