விட்ட இடத்தை நிரப்பிய பெரிய ஜீயர்

ஏரலில் இறங்கி நவதிருப்பதிகளைச் சேவிக்கப் புறப்படும் பாகவதோத்தமர்கள், மேற்கே ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரைச் சேவித்தபின் மணவாள மாமுனிகளையும் நெஞ்சில் கொள்வது முறை. அவ்வூரே அவர் அவதரித்த ஸ்தலம். முன்னோருடைய வாக்குகளுக்குத் தாம் அடியவரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பது அவர் கொண்டிருந்த துணிபு. அவருடைய செயல்கள் யாவும் அத்துணிபின் வழியே நடந்தன.

1370ஆம் ஆண்டு ஐப்பசித் திருமூலத்தில் அவதரித்த அவர், இளமையைத் தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சிக்கில் கிடாரத்தில் கழித்தார். பின்னர் ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளித் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தார். படையெடுப்புகளால் பாழ்பட்டுக் காடு மண்டிக் கிடந்த அவ்வூரைத் திருத்தி, ஆழ்வாருக்குக் கைங்கர்யம் குறைவற நடக்கச் செய்தவர் அந்த ஆசார்யரே. ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை மட்டும் சொல்லி, ஆயுள் முழுவதையும் அருளிச்செயலுக்கே ஆக்கவேண்டும் என்று அவர் நியமித்தார். காஞ்சியில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டு அவரே வியக்கும்படி தேர்ச்சி பெற்றவர் மாமுனிகள். அத்தகைய புலமையைக் காட்டாமல் அடக்கிக்கொள்வது எளிதன்று. வடமொழிப் பாடசாலையில் பயின்ற அடியேன் போன்றோர்க்கு இது நன்கு விளங்கும். நான்கு சூத்திரம் கற்றவுடனே சபையைத் தேடுகிற மனம் எம்முடையது.

திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்தே, செல்லரித்துச் சிதைந்த ஓலைகளைத் தேடிச் சேர்த்துப் படியெடுக்கும் பணியைத் தாமே ஏற்றார். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்குரிய பகுதி அழிந்துபோயிருந்தது. நூல் முழுவதற்கும் புதிய உரை வகுக்க மாமுனிகளுக்கு ஆற்றல் இருந்தது. அவ்வாறு செய்திருப்பினும் குறை கூறுவார் இலர். அவரோ அழிந்த பகுதிக்கு மட்டுமே உரை அருளினார். பிள்ளையின் ஓலை எந்தச் சொல்லில் மீண்டும் தொடங்கிற்றோ, அந்தச் சொல்லுக்கு முன்பே தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்று பெரியோர் கூறுவர். ஸ்ரீவசன பூஷணம், ஆசார்ய ஹ்ருதயம் ஆகியவற்றுக்கு உரை செய்த இடத்தும் மூலத்தின் கருத்தை விட்டு விலகியதில்லை.

இவ்வாறு தம்மைப் பின்னே நிறுத்திக்கொண்டவரையே பெருமாள் முன்னே அழைத்தார். நம்பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்திவைத்து, ஓராண்டுக் காலம் இவருடைய ஈட்டுக் காலக்ஷேபத்தைக் கேட்டருளினார் என்பது குருபரம்பரை கண்ட செய்தி. சாற்றுமுறையன்று சிறு பிள்ளையாய் வந்து தனியன் ஸமர்ப்பித்தவரும் அவரே என்பர். தென்னாட்டுத் திவ்யதேசங்கள் பலவற்றில் இன்றும் அருளிச்செயல் கோஷ்டி அத்தனியனைச் சொல்லியே தொடங்குகிறது.

1444ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவர் திருநாடு எழுந்தருளினார். ஆழ்வார்திருநகரியில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஐப்பசித் திருமூல உத்ஸவமும் அங்கே சிறப்பாக நடைபெறுகிறது.